வில்லியம்ஸ் குழந்தைகள்: பேச்சை நம்பிச் செய்யும் தவறுகள்

நாகர்கோவிலில் எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் குறிப்பேட்டைப் போன வாரம் பார்த்தேன். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்ற பிறவி வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒரு சிறுமியைப் பற்றி, ‘பேச்சு நன்று, புரிதல் நன்று’ என்று எழுதியிருந்தார். பேச்சைக் கேட்டிருக்கிறார், புரிதலைச் சோதிக்கவே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் இதே நான்கு சொற்களை நானும் எழுதினேன். ஒரு பையனின் இரண்டு வருடம் அதில் போயிற்று.

7-ஆவது குரோமோசோமில் 25-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கொண்ட சிறு துண்டு விடுபடுவதால் வருவது இது. 7,500 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கலாம். பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. தாய் வீட்டையோ தகப்பன் வீட்டையோ குறை சொல்ல இடமில்லை.

பேசுகிறான், ஆகவே புரிகிறது என்று முடிவு கட்டுவது

நான் அப்படி எழுதியது ஒரு குளச்சல் பையனைப் பற்றி, ஆறு வயது. அம்மா மீன் விற்பவர். பேச்சு தாமதமாகத்தான் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும், “டீச்சர், சுகமா? சாப்பிட்டீர்களா?” என்பான். சாளை, அயிலை, நெத்தோலி, சூரை, வாளை என்று வரிசையாக மீன்பெயர் சொல்வான். மயங்கிப்போய் அந்த நான்கு சொற்களை எழுதிக் கொடுத்தேன். வீட்டார் பயிற்சியை நிறுத்தினார்கள். பள்ளியிலோ, “இவ்வளவு வாய் பேசுகிறவனுக்கு எழுத மட்டும் சோம்பல்” என்று தினமும் வெளியே நிறுத்தினார்கள்.

எட்டு வயதில் திரும்பி வந்தான். மேசையில் காலி ஓலைப்பெட்டி ஒன்றும் இரண்டு பிளாஸ்டிக் மீன்களும் வைத்து, “அயிலையைப் பெட்டிக்குப் பின்னால் வை” என்றேன். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். “அயிலைக் குழம்பு நன்றாக இருக்கும் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே மீனைப் பெட்டிக்குள் போட்டான். “சாளையை எடுப்பதற்கு முன்னால் கைதட்டு” என்றேன். சாளையை எடுத்துவிட்டுத்தான் தட்டினான்.

பொருட்களின் பெயர்கள் இவர்களுக்கு எளிதில் வரும். மேல், கீழ், பின், இடையில் போன்ற உறவுச் சொற்கள்தாம் வழுக்கும். தமிழில் ‘முன்னால்’ இடத்துக்கும் காலத்துக்கும் ஒன்றாகவே இருப்பதால், அதைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும்போது உங்கள் கை மடியில் இருக்கட்டும், கண் பெட்டியின் பக்கம் போக வேண்டாம். முகத்தைக் கூர்ந்து பார்க்கும் குழந்தைகள் இவர்கள். உங்கள் பார்வையே விடையைக் காட்டிக் கொடுத்துவிடும். “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். “ஆமாம்” என்றுதான் பதில் வரும்.

அந்தப் பேச்சையே கைக்கு வழிகாட்டியாக்கலாம். ‘ப’ எழுதும்போது “கீழே, பக்கத்தில், மேலே” என்று சத்தமாகச் சொல்லச் சொன்னேன். சும்மா பார்த்து எழுதச் சொன்னபோது கோடு கோடாகச் சிதறிய எழுத்து, வாய் சொன்னதும் மூன்று கோடுகளாகச் சேர்ந்தது. ஆறு வயதில் செய்திருக்க வேண்டியது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரே எண்ணை நம்புவது

இவர்களின் சராசரி நுண்ணறிவு எண் 50-க்கும் 60-க்கும் இடையில் நிற்கும். சொல்வளம் அதற்கு மேலே இருக்கும், கட்டைகளை அடுக்கி வடிவம் செய்வது அதற்கு வெகு கீழே. அறிக்கையில் பகுதி மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள்.

காதைப் பொத்தினால் அதட்டுவது

கோயில் கொடை விழாவின் மேளமும் சர்ச் திருவிழாவின் ஒலிபெருக்கியும் வெடியும் இவர்கள் காதுக்கு உண்மையான வேதனை. தூக்கிக்கொண்டு அப்பால் போங்கள்.

பாட்டியின் மலையாளத்தை நிறுத்தச் சொல்வது

வேண்டாம். கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கத்தில் பாட்டியோடு பேச அதுதான் மொழி.

வைட்டமின் டி டானிக்

டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டும் கூடாது. சில குழந்தைகளுக்கு இரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே கூடுதலாக இருக்கும்.

மயக்க மருந்துக்கு முன் சொல்லாமல் விடுவது

பல் எடுப்பதாக இருந்தாலும் ‘வில்லியம்ஸ்’ என்று முதலில் சொல்லுங்கள். இவர்களுக்கு இதயக் கோளாறு இருக்கக்கூடும் என்பதால், இதயத்தைப் பார்த்த பிறகுதான் மயக்கம் கொடுக்க வேண்டும்.