இறுகிப்போன பழைய எஞ்சின் காரை ஓட வைப்பது எப்படி?

நடுக்கம்பத்தில் நூலால் கட்டி வட்டமாக ஓட விடும் பழைய சின்ன எஞ்சின் கார், கொக்ஸ் கம்பனியின் ‘புரொப் ரொட்’ போல ஒன்று, கைக்கு வந்திருக்கிறதா? எஞ்சின் 0.049 கன அங்குலம், அதாவது 0.8 சிசிதான். அதற்காக விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் புரொப்பெல்லரை, அதாவது காரைத் தள்ளும் காற்றாடியை, விரலால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குறடு போட்டுத் திருகித்தான் நல்ல எஞ்சின்கள் பல நாசமாகின்றன. பெரும்பாலும் அது துரு அல்ல; பழைய எரிபொருளில் இருந்த ஆமணக்கெண்ணெய் காய்ந்து வார்னிஷ் மாதிரிப் பிடித்திருக்கும். ஹெயார் டிரையரால் சிலிண்டரை நன்றாகச் சூடாக்கி, புகை வெளியேறும் துவாரத்தில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். மறுபடி சூடாக்கி மெல்ல அசைத்தால், தேன் நிறத்தில் பிசுபிசுவென்று கசியும். அப்புறம் தானாகவே இளகும். திருகோணமலைக் கடற்காற்றுக்கு, அதுவும் உப்புவெளிப் பக்கம் வீடென்றால், உண்மையான துருவும் ஏறியிருக்கலாம். கரகரவென்றால் கழற்றித் துடைக்காமல் ஓட்ட வேண்டாம்.

அடுத்தது எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக். 1.5 வோல்ட் பட்டரி கொடுத்தால் கம்பிச்சுருள் செம்மஞ்சளாக ஒளிர வேண்டும். மோட்டார் சைக்கிள் பட்டரியின் 12 வோல்ட் பட்டால் உடனே அறுந்துவிடும்.

பெற்றோல் ஊற்றவே கூடாது. சுருளில் உள்ள பிளாட்டினத்தில் மெதனோல் பட்டால்தான், பட்டரியை எடுத்த பிறகும் சூடு தங்கும். மெதனோலில் எண்ணெயும் நைட்ரோமீதேனும் கலந்த க்ளோ எரிபொருள் வாங்குங்கள். எண்ணெய் 20 சதவீதத்துக்குக் குறையாமல், அதில் பாதியாவது ஆமணக்கெண்ணெயாக இருக்கட்டும். மெதனோல் நஞ்சு, பகலில் அதன் தீயும் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சரி, ஸ்டார்ட் செய்வோம். எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வை மெல்ல மூடி, மூன்று சுற்றுப் போலத் திறவுங்கள். பட்டரியை மாட்டி, புரொப்பெல்லரைக் குச்சியால் தட்டுங்கள், விரல் வேண்டாம். பிடித்ததும் பட்டரியை எடுத்துவிட்டு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட, சத்தம் கூர்மையாகும்.

ஓட்டுவதற்குச் சமமான சிமெந்துத் தரை வேண்டும், கடற்கரை மணல் சரிவராது. கச்சான் வீசும் நேரத்தையும் தவிருங்கள், புழுதி எஞ்சினுக்குள் போகும். காரோடு வந்த பழைய நூலை நம்ப வேண்டாம். தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) இழுபடும், பின்னிய தூண்டில் நூல் நல்லது. பார்க்க வருபவர்கள் வட்டத்துக்கு நன்றாக வெளியே நிற்கட்டும்.

மெதனோல் ஈரத்தை இழுக்கும். அதனால் ஓடி முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து, எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டுச் சுற்றி வையுங்கள்.