பரங்கிமலைக் கல்லைக் கண்டுபிடிப்பது எப்படி

முதலில் வெளித்தோலை நம்பாதீர்கள், வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறிக் கிடக்கும். சுத்தியலால் ஓரத்தில் ஒரு சில்லு தட்டுங்கள் (கண்ணாடி போட்டுக்கொண்டு, தயவுசெய்து). உடைந்த முகம் எண்ணெய் தடவியதுபோல, பச்சை கலந்த கருஞ்சாம்பலாக மின்னினால் சார்னோகைட்டாக இருக்கலாம்; பரங்கிமலைக் கல்லின் நிலவியல் பெயர் அதுதான்.

அப்புறம் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். நீலம் படர்ந்த குவார்ட்ஸ், பச்சையோடிய ஃபெல்ட்ஸ்பார், நடுவே கரும்பழுப்பாக ஹைப்பர்ஸ்தீன், மூன்றும் கனிமங்கள். இந்தக் கடைசி ஆள்தான் முக்கியம். பின்னாளில் மான்செஸ்டரில் நிலவியல் பேராசிரியரான தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைதான் என்று பார்த்துத்தான் 1893இல் சார்னோகைட் என்ற பெயரை வைத்தார்.

சந்தேகமா? சரி, சில்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, முனைவாக்க ஒளி (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) நுண்ணோக்கியில் மேடையைத் திருப்புங்கள். ஹைப்பர்ஸ்தீன் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். பாறை எடுத்த இடத்தைச் சில்லின் மேலேயே எழுதிவையுங்கள், பையில் போட்டபின் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.