ஸ்லாட் கார் ஓடவில்லையா? அடாப்டரைத் தூக்கிப் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்லாட் கார் என்பது ட்ராக்கில் உள்ள பள்ளத்தில் ஓடி, பக்கத்து உலோகப் பட்டையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பொம்மைக் கார். அது நின்றுபோனால் முதல் பழி அடாப்டர் தலையில்தான் விழும். துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்த செட், ரெண்டு மூணு வருஷம் பரணில் கிடந்திருக்கும். பள்ளி லீவில் பிள்ளைகள் கேட்டார்களே என்று எடுத்துப் பொருத்தினால் கார் அசையாது. உடனே வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கடையில் போய், "இதே பின் உள்ள அடாப்டர் ஒண்ணு தாங்க" என்று கேட்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் ரெண்டு தவறு இருக்கிறது. பழுது அடாப்டரில்தானா என்று யாரும் பார்க்கவில்லை. புதியதையும் பின்னை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள்.

பின் பொருந்துவதால் வோல்டேஜ் பொருந்திவிடாது. ஸ்கேலக்ஸ்ட்ரிக் என்ற பிராண்டின் பழைய செட்டுகள் 12 வோல்ட்டில் ஓடும், ஒரே பாதையில் பல கார்களை ஓட்டும் அதன் டிஜிட்டல் செட்டுக்கு 15 வேண்டும். கரேரா கோ என்ற பிராண்டுக்கு 14.8. கட்டைவிரல் நீளமே உள்ள ஹெச்.ஓ. கார்களில் 22 வோல்ட் வரைக்கும் உண்டு. சி.சி.டி.வி. கேமராவின் 12 வோல்ட் அடாப்டரை இந்தச் சிறிய காருக்குக் கொடுத்தால் கார் நோயாளிபோல நகரும். 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரை 12 வோல்ட் காருக்குக் கொடுத்தால் கொஞ்ச நேரம் பறக்கும், அப்புறம் மோட்டார் கருகும். ஆம்பியர் கதை வேறு. செட்டில் போட்டிருப்பதைவிட ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தவறில்லை, கார் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். அதற்காக பைக் பேட்டரியை நேரே ட்ராக்கில் மாட்டக் கூடாது. ட்ராக்கில் ஷார்ட் ஆனால் அடாப்டர் தன்னை நிறுத்திக்கொள்ளும், பேட்டரி நிறுத்தாது, ஒயர் உருகும்.

சரி, பழைய அடாப்டர் உண்மையிலேயே செத்துவிட்டதா? இங்கேதான் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களும் சறுக்குகிறார்கள். அடாப்டரைச் செருகி, முனையில் மீட்டரை வைத்து, 12 என்று காட்டினால் "இது நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் உப்பிப்போன அடாப்டர்கூட மீட்டருக்கு மட்டும் முழு வோல்டேஜையும் காட்டும், கார் இழுக்க ஆரம்பித்ததும் படுத்துவிடும். ஆகவே சுமை கொடுத்துத்தான் அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பைக் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்று போதும். எல்.இ.டி. வேண்டாம், இழை உள்ள பழைய பல்பு. அது முக்கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலேயே இழுக்கும். ஒரு ஆம்பியரோ அதற்கு மேலோ போட்டிருக்கிற அடாப்டரின் ரெண்டு முனையிலும் பல்பைக் கோர்த்து, எரியும்போதே வோல்டேஜைப் பாருங்கள். 12 என்பது பதினொன்றரைக்கு வந்தால் கவலையில்லை. ஏழு எட்டுக்கு இறங்கினாலோ, பல்பு விட்டு விட்டு மின்னிக்கொண்டே இருந்தாலோ அடாப்டர் போய்விட்டது. மாட்டியதும் ஒரே ஒரு தடவை சிமிட்டினால் பயப்பட வேண்டாம். குளிர்ந்த இழை முதல் நொடியில் அதிகம் இழுக்கும். 15 வோல்ட் அடாப்டர் என்றால் சில விநாடிகளில் எடுத்துவிடுங்கள். 22 வோல்ட்டுக்கு ரெண்டு பல்பைத் தொடராகக் கோர்க்க வேண்டும்.

மீட்டர் ஏமாற்றும் வழிகள் இன்னும் உண்டு. இரும்புக் கட்டிபோலக் கனக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மரில் 12 என்று எழுதியிருக்கும், சுமை இல்லாமல் அளந்தால் 16, 17 காட்டும். அது பழுதல்ல, அதன் இயல்பே அப்படி. லேபிளில் வெளியீடு ஏ.சி. என்று போட்டிருந்தால் மீட்டரை ஏ.சி.யில் வைத்து அளங்கள். டி.சி.யில் வைத்தால் பூஜ்யம் காட்டும், நல்ல டிரான்ஸ்ஃபார்மர் குப்பைக்குப் போகும். மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து அடாப்டரின் ரெண்டு முனையையும் தொடுவது எல்லாவற்றையும்விட மோசம். அது அளப்பதே இல்லை, நேரே ஷார்ட்.

மூன்று தட்டைப் பின் உள்ள வளைகுடா, பிரிட்டன் பிளக்குக்கு உள்ளேயே ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். ஒயரோடு வரும் பிளக் என்றால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். அந்தச் சின்ன ஃபியூஸுக்காக முழு டிரான்ஸ்ஃபார்மரையும் எறிந்தவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் லேபிளில் உள்ளீடு 120 வோல்ட் மட்டும்தானா என்று பார்க்காமல் நம் 230-ல் செருகக் கூடாது. பிளக் மாற்றும் கன்வெர்ட்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது.

அடாப்டர் தேறிவிட்டது, கார் மட்டும் ஓடவில்லை என்றால் ட்ராக்கைப் பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதிக்கு மேல் குற்றவாளி இதுதான் என்பது என் எண்ணம். குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் ஜன்னல் கம்பியே என்ன பாடுபடுகிறது என்று தெரியும், ட்ராக்கின் மெல்லிய உலோகப் பட்டை எம்மாத்திரம்? துரு அதிகம் சேர்வது துண்டும் துண்டும் சேரும் இடத்தில். அடாப்டர் பக்கம் கார் பாய்ந்து, எதிர்ப்பக்கம் தவழ்ந்தால் இணைப்புகளில் வோல்டேஜ் வடிகிறது என்று அர்த்தம். அதே பல்பைத் தூர முனையில் ரெண்டு பட்டைக்கும் நடுவே வைத்து, கண்ட்ரோலரை முழுதாக அழுத்தினால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

உப்புத்தாளை எடுத்துத் தேய்க்காதீர்கள். மேல் பூச்சு போய், அடுத்த மழைக்கு முன்னால் இன்னும் மோசமாகத் துருப்பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, இணைப்பு நாக்குகளை லேசாக நெருக்கிவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் கதவுக் கீல் முதல் தையல் மிஷின் வரை அதைத்தான் விடுவோம். பட்டையில் விட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

கார் ஓடிக்கொண்டிருந்து திடீரென்று எல்லாமே நின்றுவிடுகிறது, பத்து நிமிஷம் கழித்துத் தானே உயிர் வருகிறது என்றால், அடாப்டர் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். அதை மாற்றுவதற்கு முன் ஷார்ட் எங்கே என்று தேடுங்கள். பட்டையிலிருந்து மின்சாரம் எடுக்க காரின் அடியில் இருக்கும் ரெண்டு செம்புப் பின்னலும் பிரிந்து மயிரிழை மயிரிழையாக ஒன்றை ஒன்று தொடும். ட்ராக்கில் ஒரு ஹேர்பின் கிடக்கும். மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி பக்கத்து வீடுகளில் இன்னொன்றும் சேரும்: கடற்கரைக் கறுப்பு மணல் காரின் காந்தத்தில் அப்பிக்கொள்ளும். அது ஷார்ட் ஆக்குவதைவிட பல்சக்கரத்தில் புகுந்து மோட்டாரைத் திணறடிக்கும். திணறும் மோட்டார் அதிகம் இழுக்கும், அடாப்டரும் சூடாகும்.

ஒரு கார் ட்ராக்கை விட்டுத் தெறிக்கும்போது மற்றக் கார் சட்டென்று வேகம் எடுக்கிறதா? ரெண்டு காருக்கும் ஒரே அடாப்டர் போதவில்லை. உடனே இன்னொரு அடாப்டரை அதோடு சேர்த்து இணையாக முறுக்கிவிடாதீர்கள். ரெண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ட்ராக்கில் வசதி இருந்தால் ஒவ்வொரு பாதைக்கும் தனி அடாப்டர் கொடுங்கள், இல்லையென்றால் அதே வோல்டேஜில் ஆம்பியர் கூடிய ஒன்றை வாங்குங்கள்.

கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டரில் ஓட்டினால், சதுர அலை தரும் மலிவு இன்வெர்ட்டரில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் உறுமிச் சூடாகும். ஐப்பசி மழையிலும் சித்திரை இடியிலும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கை உருவி வையுங்கள். அடாப்டரைத் திறந்து பார்க்கும் ஆசையையும் விடுங்கள். இப்போது வரும் லேசான எஸ்.எம்.பி.எஸ். அடாப்டருக்குள் 325 வோல்ட் வரை ஏறிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது கையை உதறவைக்கும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் கடையில் பின்னைக் காட்டாதீர்கள், பழைய லேபிளைக் காட்டுங்கள்: வோல்ட், ஆம்பியர், ஏ.சி.யா டி.சி.யா, நடுப்பின் பாசிட்டிவா நெகட்டிவா. கடைசியில் சொன்னதை மாற்றி வாங்கினால் சாதாரண அனலாக் ட்ராக்கில் கார் பின்னோக்கி ஓடும், சிரித்துவிட்டு ஒயரை மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டல் ட்ராக்கிலோ எலக்ட்ரானிக் கண்ட்ரோலரிலோ அந்தச் சலுகை கிடையாது. மாட்டுவதற்கு முன்னாலேயே மீட்டரில் பார்த்துவிடுங்கள்.