சுரைக்காயை விரும்பிய வடிவில் வளர்த்துக் குடுவையாக்கும் முறை

சுரையைப் பிஞ்சில் பறித்தால் கறியாகும். கொடியிலேயே முற்றவிட்டால் மரம்போல இறுகிய ஓடுடைய பாண்டமாகும். இந்த இரண்டாவது பயனுக்காகவே மனிதர்கள் அதை மிகப் பழங்காலத்தில் வளர்க்கத் தொடங்கினார்கள் என்று கருத நல்ல காரணம் உண்டு. ஆப்பிரிக்காவில் தோன்றிய இந்தக் கொடி, மட்பாண்டங்கள் வருவதற்கு முன்பே, ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்கக் கண்டங்களில் மக்களின் கையில் இருந்திருக்கிறது. உலர்ந்த நெற்று கடலில் மாதக்கணக்கில் மிதந்தாலும் உள்ளிருக்கும் விதை முளைக்கும் திறனை இழப்பதில்லை என்பதால், அது நீரோட்டத்தோடு மிதந்தே அங்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது மரபணு ஆய்வுகள் காட்டும் வழி. தண்ணீர்க் குடுவை, அகப்பை, தானியக் கலம், பறவைக் கூடு, தம்பூராவின் குடம் என்று அதற்கு வந்த வேலைகள் பல. இவை அனைத்தையும்விட வியப்பானது, வளரும் காயை அச்சுக்குள் வைத்து, வேண்டிய வடிவத்தை அதுவே எடுக்கச் செய்யும் கலை. சீனத்தில் காங்சி பேரரசரின் காலத்தில், அதாவது 1662 முதல் 1722 வரையிலான ஆண்டுகளில், அரண்மனைத் தோட்டத்திலேயே இக்கலை செழித்தது. ஒரு வீட்டுப் பந்தலில் இதைச் செய்து பார்க்கும் வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் விதை. சமையலுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட நீள ரகங்களில் ஓடு பெரும்பாலும் மெல்லியதாக அமைவதால், உலரும்போது அவை சுருங்கி நசுங்கிவிடுகின்றன. குடுவைக்கு ஏற்றவை உருண்டை வடிவமோ, இடை ஒடுங்கிய குடுக்கை வடிவமோ கொண்ட கனத்த ஓட்டு ரகங்கள். விதையின் தோல் மிகக் கடினமானது. அதன் ஓரத்தை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து, ஒரு நாள் முழுவதும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். விதைத்ததிலிருந்து காய் முற்றும் வரை நான்கு மாதங்களுக்கும் மேலாகலாம். அதுவரை உறைபனி இல்லாத வெப்பமான பருவம் தொடர வேண்டும். பந்தல் வலுவாக இருக்கட்டும். முற்றிய காய்கள் பல கிலோ எடை கொண்டவை. தரையில் கிடந்தால் அடிப்பக்கம் தட்டையாகி அழுகவும் கூடும்.

மூலக்கொடியில் பெரும்பாலும் ஆண் பூக்களே வரும். பெண் பூக்கள் பக்கக் கொடிகளில்தான் மிகுதி. ஆகவே மூலக்கொடி ஏறக்குறைய 3 மீட்டர் நீண்டதும் அதன் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். சுரையின் வெள்ளைப் பூக்கள் மாலையில் மலர்ந்து இரவில் அந்துப்பூச்சிகளை அழைப்பவை. பூச்சிகள் குறைந்த இடங்களில், இருட்டும் நேரத்தில் ஓர் ஆண் பூவைப் பறித்து, அடியில் சிறு பிஞ்சோடு நிற்கும் பெண் பூவின் சூல்முடியில் அதன் மகரந்தத்தைத் தடவிவிடுங்கள். அச்சுக்குத் தேவையான நான்கைந்து பிஞ்சுகளைப் பெற இதைவிட நம்பகமான வழி இல்லை. கொடிக்கு அவ்வளவு போதும். மிகையானவற்றைப் பிஞ்சிலேயே சமையலுக்குப் பறித்துவிட்டால் எஞ்சியவை நன்கு பருக்கும்.

அச்சில்தான் முழுக் கவனமும் வேண்டும். பூசணிக் குடும்பத்துக் காய் விரியும்போது தரும் அழுத்தத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1870களில் மாசசூசெட்ஸ் வேளாண்மைக் கல்லூரியில் வளரும் பூசணியொன்றை இரும்புப் பட்டைகளுக்குள் அடைத்து, அதன்மீது எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அது ஏறத்தாழ 5,000 பவுண்டு, அதாவது 2,200 கிலோவுக்கும் மேற்பட்ட சுமையைத் தாங்கியது. நான் முதலில் ஆணி அடித்துச் செய்த பலகைப் பெட்டி இரண்டே வாரங்களில் மூலைகள் பிரிந்து திறந்துகொண்டது. அன்றிலிருந்து திருகாணியும், அவற்றின் மேல் சுற்றிலும் இறுக்கிய கம்பிக் கட்டும் இல்லாமல் எந்த அச்சையும் கொடியில் ஏற்றுவதில்லை.

சதுர வடிவம் வேண்டுமானால் ஆறு பலகைகள் போதும். மேற்பலகையின் நடுவில் காம்பு வருவதற்கு ஒரு துளையை வெட்டி, அதைப் பாதியாகப் பிளந்து வைத்தால் பிஞ்சை ஒடிக்காமல் மூடலாம். பூ வேலையோ எழுத்தோ புடைப்பாக வர வேண்டுமென்றால், முதலில் களிமண்ணில் ஒரு மாதிரி உருவம் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை இரண்டு பாதிகளாக வார்த்து எடுக்க வேண்டும். அச்சில் குழிந்திருப்பது காயில் புடைத்து நிற்கும். எழுத்துகளை இதை மனத்தில் கொண்டு அமைக்க வேண்டும். எந்த அச்சானாலும் அடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகள் கட்டாயம் வேண்டும், ஏனெனில் உள்ளே தேங்கும் ஈரமே அழுகலுக்கு முதற்காரணம். அச்சின் கொள்ளளவு அந்த ரகத்துக் காயின் இயல்பான அளவைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் மூலைகள் வரை காய் நிரம்பும். அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால் காய் வெடிக்கும்.

பிஞ்சு கருவுற்றது உறுதியாகி, முட்டையளவு பருத்தவுடன், மேலுள்ள மென்மயிர் உதிராதபடி அதை அச்சுக்குள் இறக்குங்கள். அச்சின் எடை கொடியில் ஏறக்கூடாது; பந்தலிலிருந்து தனிக் கயிற்றில் தொங்கவிடுங்கள், அல்லது கீழே கல் அடுக்கித் தாங்குங்கள். இரண்டு மூன்று வாரங்களில் காய் நிரம்பிவிட்டாலும் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். ஓடு இறுகும்வரை அச்சு இருக்கட்டும். ஜப்பானில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கும் சதுரத் தர்ப்பூசணியும் இதே முறையில் உருவாவதுதான், எனினும் அது பழுக்கும் முன்பே பறிக்கப்படுவதால் காட்சிக்கு மட்டுமே உரியது. சுரையில் அந்தக் குறை இல்லை.

அச்சு செய்ய இயலாதவர்கள் பிஞ்சின் நடுவில் அகலமான துணிப் பட்டையைக் கட்டி இடையை ஒடுக்கலாம். நீண்ட கழுத்துள்ள ரகத்தில், கழுத்து இளசாக இருக்கும்போது நாளுக்குச் சிறிதாக வளைத்துக் கட்டிக்கொண்டே வந்தால் முடிச்சுப் போட்ட காய்கூடக் கிடைக்கும். வெயிலில் கொடி சற்றுத் துவண்டிருக்கும் நேரமே வளைப்பதற்கு ஏற்றது.

காம்பு பழுப்பாகிக் காய்ந்த பிறகு, அதில் ஐந்து சென்டிமீட்டர் விட்டு அறுத்தெடுங்கள். காயின் எடையில் பெரும்பகுதி நீர். அது ஓட்டின் வழியாகவே மெல்ல வெளியேற வேண்டும் என்பதால் உலர்வதற்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை பிடிக்கும். நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில், ஒன்றையொன்று தொடாமல் வைத்து, வாரம் ஒருமுறை திருப்பி வைக்க வேண்டும். மேலே கறுப்பும் வெள்ளையுமாகப் பூசணம் படரும். அதைக் கண்டு பலர் நல்ல காயைக் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தொட்டால் அமுங்கும் காயை மட்டுமே அகற்ற வேண்டும். இலேசாகி, குலுக்கினால் விதைகள் ஒலிக்கும் காய் உலர்ந்துவிட்டது.

உலர்ந்த நெற்றை ஈரத் துணியில் ஓரிரு மணி நேரம் சுற்றிவைத்து, கம்பி நாரால் தேய்த்தால் பூசணம் பிடித்த மேல்தோல் உரிந்து பொன்னிற ஓடு வெளிப்படும். வாயை மெல்லிய பல்லுள்ள இரம்பத்தால் அறுத்து, உள்ளிருக்கும் சோற்றையும் விதைகளையும் கரண்டியால் சுரண்டி எடுங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கடுமையாக எரிச்சலூட்டும். முகக்கவசம் இல்லாமலோ மூடிய அறையிலோ இந்த வேலையைச் செய்யவே கூடாது.

தண்ணீர் வைக்கப் போகிறீர்கள் என்றால், குடுவையில் நீர் நிரப்பி நாள்தோறும் மாற்றி, கசப்பு முழுவதும் நீங்கிய பிறகு நன்கு உலர்த்தி, உருக்கிய தேன்மெழுகை உள்ளே ஊற்றிச் சுழற்றிப் பூச வேண்டும். மெழுகு 62 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்குவதால் சூடான எதையும் அதில் ஊற்றக்கூடாது. எத்தனை முறை கழுவியும் கசப்பு போகாத குடுவையைத் தானியத்துக்கோ பூங்கொத்துக்கோ ஒதுக்கிவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருளிலிருந்து வருவது. இதே காரணத்தால், குடுவை ரகத்துப் பிஞ்சைச் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் உடனே துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும்.

நல்ல வடிவம் தந்த கொடியின் விதையை அடுத்த பருவத்துக்கு வைக்க நினைப்பவர்கள், கைமகரந்தம் தடவிய பெண் பூவைக் காகித உறையால் மூடி மறுநாள் வரை கட்டிவைத்து, அந்தக் காயின் காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டி அடையாளப்படுத்த வேண்டும். பக்கத்தில் வேறு சுரை ரகம் பூத்திருந்தால் இரண்டும் எளிதில் கலந்துவிடும். கலந்த விதையிலிருந்து வரும் காயின் உருவத்தையும் ஓட்டின் கனத்தையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.