சோழர் காலச் சிற்பங்களுக்குப் பெயர் சூட்டுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிக் கரையின் பழைய சிவன் கோயில்கள் பலவற்றில், வியாழக்கிழமையன்று கருவறையின் தென்சுவருக்கு முன்னால் மட்டும் தனிக்கூட்டம் நிற்பதைக் காணலாம். மஞ்சள் துணி, கொண்டைக்கடலை மாலை, நெய்விளக்கு எல்லாம் அங்கே கோட்டத்தில், அதாவது சுவர் மாடத்தில், அமர்ந்திருக்கும் உருவத்துக்கே செல்கின்றன. வருபவர்கள் அவரைக் குரு பகவான் என்கிறார்கள். அந்தச் சிற்பமோ ஒன்பது கோள்களுள் ஒன்றான வியாழனுடையது அன்று. ஆலமரத்தடியில் அமர்ந்து முனிவர்களுக்கு அறம் உரைக்கும் சிவபெருமானாகிய தட்சிணாமூர்த்தியினுடையது. இருவரையும் குறிக்கக் 'குரு' என்ற ஒரே சொல் வழங்குவதால் ஏற்பட்ட மயக்கம் இது. வழிபடுவோரின் நம்பிக்கையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் சிற்பத்தை அடையாளம் காண விரும்புபவர் அந்தத் துணியை மனத்தளவிலாவது விலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். விரிந்த சடை, வலக்காலின் கீழ் மிதிபடும் குள்ள அசுரனாகிய முயலகன், பின்கைகளில் தீயும் பாம்பும் அல்லது உருத்திராக்க மாலையாகிய அக்கமாலையும், அறிவுறுத்தும் முத்திரை காட்டும் முன் வலக்கை, கீழே செவிமடுக்கும் முனிவர்கள் என எல்லாக் குறிகளும் சிவனையே சுட்டுகின்றன. முற்காலச் சோழர் கோயில்களைச் சூழ்ந்திருந்தவை சூரியன், எழுவர் அன்னையர், பிள்ளையார், முருகன், மூத்த தேவியாகிய சேட்டை, சந்திரன், சண்டேசர், நந்தி ஆகிய எட்டுத் துணைத் தெய்வங்கள். இன்று நாம் காணும் ஒன்பது கோள்களின் மேடை பெரும்பாலும் பிற்காலத்தில் சேர்ந்தது.

இந்த ஒரு மயக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால், மற்றத் தவறுகளில் பெரும்பாலானவையும் இதே வகையில் பிறப்பவை என்பது புலப்படும். நாம் ஒரு பெயரை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொண்டு சிற்பத்தின் முன் நிற்கிறோம். பிறகு அந்தப் பெயருக்கு ஏற்ற ஓர் அடையாளம் கண்ணில் பட்டதும் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறோம்.

சங்கும் சக்கரமும் பின்கைகளில் இருந்தால் அது திருமால் என்று முடிவு கட்டிவிடுவது இவ்வகையில் முதன்மையானது. சோழர் கோயில்களில், கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தின் வடசுவரில் நிற்கும் துர்க்கையாகிய கொற்றவைக்கும் அதே சங்கும் சக்கரமும் உண்டு. தஞ்சை மாவட்டத்துப் புள்ளமங்கையில், முதலாம் பராந்தகன் காலத்துப் பிரமபுரீசுவரர் கோயிலில் உள்ள துர்க்கையைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். காலடியில் எருமைத் தலை, ஒருபுறம் சிங்கம், மறுபுறம் கலைமான் என அனைத்தும் சேர்ந்தே அவளை அடையாளப்படுத்துகின்றன. சிங்கம் வடபுல மரபிலும் காணப்படும். மானை ஊர்தியாகக் கொள்வது தமிழ் நிலத்துக் கொற்றவையின் பழைய அடையாளம். எனவே இங்கே சங்கைவிட மான்தான் கூடுதலாகப் பேசுகிறது எனலாம்.

அக்கமாலையும் நீர்க்கமண்டலமாகிய குண்டிகையும் இதைவிடச் சிக்கலானவை. அவற்றைக் கண்டதும் நான்முகன் என்று எழுதிவிடுவோர் பலர். மாமல்லபுரத்து மும்மூர்த்திக் குடைவரையின் ஒரு கருவறையில் நிற்கும் உருவம் நெடுங்காலம் அவ்வாறே நான்முகன் என்று எழுதப்பட்டது. பெயரும் அதற்கு ஒத்துழைத்தது. மும்மூர்த்தி என்றால் ஒருவர் பிரமனாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் அந்த உருவத்துக்கு முகம் ஒன்றே. மார்பில் குறுக்காகச் செல்லும் வீரச்சங்கிலியாகிய சன்னவீரம் போர்க்கடவுளுக்கு உரியது. பிரணவத்தின் பொருள் அறியாத பிரமனைச் சிறையிட்டு, படைப்புத் தொழிலைத் தானே ஏற்ற முருகனின் வடிவம் அது. பிரம்மசாஸ்தா என்று அதனை அழைப்பர். பிரமனின் அக்கமாலையும் குண்டிகையும் முருகன் கைக்கு வந்த காரணம் கதையிலேயே இருக்கிறது. முருகன் என்றால் வேலும் மயிலும் இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இங்கே கண்ணை மறைத்தது. புதுக்கோட்டைப் பகுதியின் கண்ணனூரில், முதலாம் ஆதித்தன் காலத்து முருகன் கோயிலின் விமானத்தில் யானைகள்தாம் அமர்ந்திருக்கின்றன. மயிலுக்கு இணையாக யானையும் அவனுக்கு ஊர்தியாக இருந்தது. சிவன் கோயில் விமானத்தில் நந்தி அமரும் இடம் அது.

பிரமனைப் பற்றி இன்னும் ஒரு சொல். சுவரோடு ஒட்டிய சிற்பத்தில் அவனுக்கு மூன்று முகங்களே தெரியும். நான்காவது பின்னால் இருப்பதாகக் கொள்ள வேண்டும். அதைக் கண்டு 'மும்மூர்த்திகளும் ஒன்றாக இணைந்த வடிவம்' என்று விளக்கம் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மும்பைக்கு அருகில் எலிபெண்டா குகையில் உள்ள பெருஞ்சிற்பத்துக்கும் இதே நிலை ஏற்பட்டது. மூன்று முகங்கள் இருப்பதால் அதனைத் திரிமூர்த்தி என்று எழுதினார்கள். பின்னர்தான் அம்மூன்றும் சிவனுடைய முகங்களே என்பதும், அது சதாசிவ வடிவம் என்பதும் தெளிவாயின. அங்கே சினந்த முகம் அகோரம். பெண்மை கனிந்த மறுபக்க முகம் வாமதேவம்.

இடம், வலம் என்பதில் நேரும் பிழை சிறிதாகத் தோன்றினாலும் அதன் விளைவு பெரிது. பார்ப்பவரின் இடப்பக்கம் வேறு, சிற்பத்தின் இடப்பக்கம் வேறு. விளக்கக் குறிப்பு எழுதும்போது எப்போதும் சிற்பத்தின் பக்கத்தையே கொள்ள வேண்டும். பாதி சிவனும் பாதி உமையுமான அம்மையப்பரின் இடப்பாகமே உமை என்பது பொதுவிதி. தஞ்சைக்கு அருகில் திருவேதிகுடிக் கோட்டத்தில் மட்டும் வலப்பாகம் உமையாக அமைந்துள்ளது. தம் இடத்தையும் சிற்பத்தின் இடத்தையும் குழப்பிக்கொள்பவர் அங்கே நின்றால் இந்த அரிய மாற்றத்தைக் காணாமலே கடந்துவிடுவார். முழுச் சிவ வடிவங்களிலும் ஒரு காதில் ஆணுக்குரிய குழையும் மறுகாதில் பெண்ணுக்குரிய தோடும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 'தோடுடைய செவியன்' என்று சம்பந்தர் தொடங்கியது வெறும் அழகுக்காக அன்று. பிற்பட்ட காலத்தில், தாராசுரத்தில், மூன்று முகமும் எட்டுக் கைகளும் கொண்ட அம்மையப்பரையே செதுக்கினார்கள். நூலில் உள்ள ஒரே இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே செல்பவர் திகைத்துத்தான் நிற்பார்.

ஆடும் சிவனையெல்லாம் நடராசர் என்பதும் தவறே. இடக்காலைத் தூக்கி, வலக்காலால் முயலகனை மிதித்து, துடியும் தீயும் ஏந்தி ஆடும் வடிவம் ஒன்று. காலைத் தலைக்கு மேல் உயர்த்தும் ஊர்த்துவ தாண்டவம் மற்றொன்று. யானையை உரித்து அதன் தோலைப் போர்த்துத் திரும்பி நிற்கும் வடிவம் முற்றிலும் வேறு. தாராசுரத்திலிருந்து தஞ்சைக் கலைக்கூடத்துக்குக் கொண்டுவரப்பட்ட யானை உரித்தவரின் சிற்பத்தில் உடலே முறுக்கிக்கொண்டு சுழல்வதால், அது நடனம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் காலடியில் கிடப்பது யானைத் தலை. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளச் சுற்றில் கரணங்கள் எனப்படும் நூற்றெட்டு நடன நிலைகளுள் 81 மட்டும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஆடுபவரும் சிவனே, ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனி நடராசர் என்று சொல்ல முடியாது. பெயரைப் பற்றியே கூறினால், முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்றே எழுதுகின்றன. சிவனின் அடியும் முடியும் தேடிய கதையின் வடிவத்தை 'இலிங்கபுராண தேவர்' என்கின்றன. சோழர் தாமே வைத்த பெயர்கள் கல்லில் இருக்கும்போது, பிற்கால நூல்களின் பெயர்களை மட்டும் அறிந்திருப்பது ஒரு குறையே.

சிவ வடிவங்களான பிச்சாடனரையும் கங்காளரையும் பிரித்தறிவது எளிது. முன்னவர் ஆடையின்றிப் பாம்பை அரையில் கட்டி, கையில் ஓட்டுடன் மானுக்குப் புல் நீட்டி நடப்பார். பின்னவர் ஆடை உடுத்து, எலும்புச் சுமையைக் கோலில் மாட்டித் தோளில் தாங்குவார்.

மிகுந்த கவனத்துடன் அணுக வேண்டியது, தெய்வச் சிற்பத்தில் மன்னனைக் காணும் ஆர்வம். கங்கைகொண்ட சோழபுரத்தின் வடபுறப் படிக்கட்டின் அருகே, உமையோடு அமர்ந்த சிவன் தம் காலடியில் கைகூப்பி இருக்கும் ஒருவரின் தலையில் பூமாலையைச் சுற்றும் சிற்பம் உள்ளது. இராசேந்திர சோழனுக்குச் சிவபெருமானே முடிசூட்டும் காட்சி என்று அதனைச் சுற்றுலா வருவோருக்குச் சொல்கிறார்கள். கங்கைவரை படை அனுப்பி வென்ற மன்னன் கட்டிய கோயில் என்பதால் அந்த விளக்கம் உடனே மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் கைகூப்பி இருப்பவர் சண்டேசர். சேய்ஞலூரில் பசு மேய்த்த விசாரசருமன், மணலால் இலிங்கம் அமைத்துப் பால் சொரிந்து வழிபட்டபோது, தந்தை எச்சதத்தன் பாற்குடத்தைக் காலால் இடறினான். மகன் எடுத்து வீசிய கோல் மழுவாகித் தந்தையின் காலை வெட்டியது. இறைவன் தோன்றித் தம் மாலையை எடுத்து அவனுக்குச் சூட்டி, அடியார்க்கெல்லாம் தலைவனாக்கினார். பக்கச் சுவர்களில் உள்ள சிறு சிற்பங்கள் இக்கதையைத்தான் சொல்கின்றன. நடுச்சிற்பத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுபவர்கள் அவற்றைப் பார்ப்பதில்லை. இதே வடிவத்துக்குத் தஞ்சைக் கல்வெட்டில் 'சண்டேசுவரப் பிரசாத தேவர்' என்ற பெயரே வழங்கியது. மன்னன் அந்த அடியாரில் தன்னையும் நினைத்துக்கொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவது ஏற்கத்தக்க கருத்து. ஆனால் அது சிற்பத்தின் அடையாளம் உறுதியான பின்னர் எழுப்ப வேண்டிய கேள்வி, அடையாளத்துக்கு மாற்று அன்று. மேலும், இச்சிற்பம் பெரியபுராணத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முந்தையது. சேக்கிழாரின் வரிகளை வைத்துச் சிற்பியின் கருத்தை அளப்பவர்கள், கதை தேவாரத்திலேயே வழங்கியதை மறந்துவிடக் கூடாது.

கும்பகோணம் நாகேசுவரர் கோயிலில் கோட்டத் தெய்வங்களுக்கு இடையே நிற்கும் ஆண், பெண் உருவங்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அவர்களை அரசகுடும்பத்தார் என்பாரும் உளர். இராமாயண மாந்தர் என்பாரும் உளர். கல்வெட்டுப் பெயர் இல்லாத இடத்தில் 'இன்ன அரசி' என்று உறுதியாக எழுதுவதைவிட, எந்தக் கையில் என்ன இருக்கிறது, தலையணி எத்தகையது என்பதை மட்டும் எழுதிவிடுவது நேர்மையானது.

தஞ்சைப் பெரிய கோயிலின் வாயிற்காவலர் பற்றிய வழிகாட்டிகளின் விளக்கத்தை ரசிக்காமல் இருக்க முடியாது: யானையைப் பாம்பு விழுங்குகிறது, அந்தப் பாம்பு காவலரின் கதாயுதத்தைச் சுற்றியிருக்கிறது, அப்படியானால் காவலர் எவ்வளவு பெரியவர், உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். சிற்பியின் குறும்பு அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உயர்த்திய சுட்டுவிரலுக்குக் 'கடவுள் ஒருவரே' என்று பொருள் சொல்வது மட்டும் பொருந்தாது. அது எச்சரிக்கும் கை. மலர்ந்து திரும்பிய மற்றொரு கை வியப்பைக் காட்டுவது.

இடத்தை வைத்து அடையாளம் காண்பது நல்ல வழிதான். தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே அடிமுடி தேடிய கதையின் வடிவமாகிய இலிங்கோத்பவர், வடக்கே பிரமன், அர்த்தமண்டபத்தில் தெற்கே பிள்ளையார், வடக்கே துர்க்கை என்ற வரிசை சோழநாட்டில் பரவலாக அமைந்தது. அதனை மாறாத சட்டமாகக் கொள்வதில்தான் பிழை நேர்கிறது. மேற்குக் கோட்டத்தில் இலிங்கோத்பவர் நிலைபெறுவதற்கு முன் திருமாலும் அம்மையப்பரும் இருந்தனர். நாகேசுவரர் கோயிலில் இன்றும் மேற்கே இருப்பவர் அம்மையப்பரே. சோழ அரசி செம்பியன் மாதேவியார் எடுப்பித்த கோயில்களில் கோட்டங்களின் எண்ணிக்கை பெருகி, ஆடவல்லான், பிச்சாடனர், அகத்தியர் ஆகியோரும் இடம் பெற்றனர். தஞ்சையிலோ கோட்டங்கள் இரண்டு அடுக்குகளாகி, மேலடுக்கில் முப்புரம் எரித்தவரின் வடிவமே திரும்பத் திரும்ப வருகிறது. கோட்டத்துக்கும் சிற்பத்துக்கும் உள்ள உறவையும் ஐயத்துடன் பார்க்க வேண்டும். திருப்பணியின்போது வெறுமையாக இருந்த கோட்டத்தில் புதிய சிலையை நிறுத்துவதும், உடைந்ததை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதும் வழக்கம். கல்லின் நிறம் சுவரோடு ஒவ்வாமல் இருந்தாலோ, சிற்பத்தைச் சுற்றிச் சிமெண்டுப் பூச்சு தெரிந்தாலோ, உருவம் கோட்டத்தின் உயரத்துக்குப் பொருந்தாமல் குள்ளமாக இருந்தாலோ, அது அங்கே பிறந்தது என்று கொள்ளக் கூடாது.

காலத்தைக் கணிப்பதிலும் ஒற்றைக் குறியை நம்பக் கூடாது. பல்லவர் காலத் திருமாலின் சக்கரம் எறியத் தயாராக இருப்பதுபோல் விளிம்பு முன்னோக்கி இருக்கும், தீச்சுடர்கள் இரா. முப்புரிநூல் பெரும்பாலும் வலக்கையின் மேலாகச் செல்லும். இவ்வமைப்புகள் முற்காலச் சோழர் சிற்பங்களிலும் அங்கங்கே தொடர்கின்றன. வடநாட்டு இலக்கணத்தை இங்கே பொருத்திப் பார்ப்பதும் அவ்வாறே பிழை தரும்: வடக்கே சூரியன் காலில் நீண்ட காலணியும் கையில் விரிந்த தாமரையும் கொண்டிருப்பான், தென்னாட்டுச் சூரியன் வெறுங்காலுடன், தோள் அளவுக்கு உயர்த்திய தாமரை மொட்டுகளோடு நிற்பான். காலணியைத் தேடிக்கொண்டிருப்பவர் சூரியனையே இழந்துவிடுவார்.

இவ்வாறு முற்றிலும் பெயர் இழந்தவள் ஒருத்தி உண்டு. தொங்கும் கால்களுடன் அமர்ந்த பருத்த பெண்ணுருவம் ஒன்று, கோயில் நந்தவனத்திலோ மதிலோரத்திலோ சாய்த்துக் கிடத்தப்பட்டிருப்பதைப் பல ஊர்களில் காணலாம். ஒருபுறம் மாட்டுத்தலை மகன், மறுபுறம் மகள், மேலே காக்கைக் கொடி. எட்டுத் துணைத் தெய்வங்களுள் ஒருத்தியாகத் தனிச் சிற்றாலயம் பெற்றிருந்த சேட்டை அவள். மூதேவி என்ற வசைச்சொல்லாக அவள் பெயர் மாறியபின் சன்னதியிலிருந்து வெளியேற்றப்பட்டாள். சில ஊர்களில் மகனின் மாட்டுமுகத்தை நந்தி என்று எண்ணி, அவளை யாரோ ஓர் அம்மனாக்கி மஞ்சள் பூசிச் சேலை கட்டியிருக்கிறார்கள். அந்தச் சேலைக்குப் பின்னால் காக்கைக் கொடி இன்னும் இருக்கிறது.