கியர்பாக்ஸ் மாற்றிய பிறகும் வழுக்குகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாற்றியாகிவிட்டது. ஆனாலும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் இரைகிறதே தவிர, வண்டியின் வேகம் கூடவில்லை. இதைத்தான் வழுக்கல் என்கிறோம். பலரும் உடனே மாற்றிய கியர்பாக்ஸே பழுது என்று முடிவுகட்டி, அதைக் கழற்றச் சொல்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். முதலில் ஆயிலைப் பாருங்கள்.

கியர்பாக்ஸின் கிளட்ச் தகடுகளை இறுக்கிப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம்தான். புதிதாகப் பொருத்தியபோது டார்க் கன்வெர்ட்டரும் (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாய்களும் காலியாக இருந்திருக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அவை நிரம்ப, கியர்பாக்ஸுக்குள் ஆயிலின் அளவு இறங்கிவிடும். அப்போது பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும், அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும். ஆயில் குளிர்ந்திருக்கும்போது அளவு பார்த்துத் திருப்தியடைவது மிகப் பரவலான தவறு. பெரும்பாலான வண்டிகளில் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சிலவற்றில் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சிலவற்றில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கே கிடையாது. அந்த வண்டியின் கையேடு சொல்வதே சரியான முறை. ஆயிலின் வகையும் அப்படித்தான்: சிவிடி கியர்பாக்ஸில் (படிகள் இல்லாமல் கியர் விகிதம் தொடர்ச்சியாக மாறும் வகை) சாதாரண ஏடிஎஃப், அதாவது வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை ஊற்றுவது அதைக் கெடுக்கும் வழி.

பழைய கூலரைக் கழுவாமல் இணைப்பது இன்னொரு தவறு. எரிந்த கிளட்ச் துகள்கள் அதில் தங்கியிருந்தால் ஆயிலைத் தேவையான கிளட்சுக்குத் திருப்பிவிடும் புதிய வால்வு பாடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கியர் கேபிளின் அமைப்பு சற்று விலகியிருந்தாலும் வழுக்கல் வரலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்ற ஆறுதல் பேச்சுதான். கட்டுப்பாட்டுக் கணினி பழைய கியர்பாக்ஸின் தேய்மானத்துக்குப் பழகியிருக்கும். அந்தப் பதிவை அழித்து, புதிதாகக் கற்கவிட்டால் கியர் மாறும்போது வரும் குலுக்கல் அடங்கக்கூடும். வழுக்கல் அப்படியல்ல. ஒவ்வொரு முறை வழுக்கும்போதும் தகடுகள் சூடேறித் தேய்கின்றன. ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை வரும். இந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள்.

கணினி காட்டும் பி0730 போன்ற பிழைக் குறியீடு கியர் விகிதம் பொருந்தவில்லை என்று மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆகவே கழற்றுவதற்கு முன் ஆயில் அழுத்தத்தை அளவுமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் குறைவு என்றால் ஃபில்டர், வால்வு பாடி, பம்ப் ஆகியவற்றை ஆராய வேண்டும். டார்க் கன்வெர்ட்டரைச் சரியாக உட்காரவைக்காமல் போல்ட் முடுக்கியிருந்தால் பம்பே உடைந்திருக்கலாம். ஆயிலும் அழுத்தமும் சரியாக இருந்தும் வழுக்கினால், அளந்த விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு உத்தரவாதத்தைக் கேளுங்கள். அதுவரை வேறு யாரும் கியர்பாக்ஸைத் திறக்க விடாதீர்கள்.