உப்பு குறைத்த மீன் டிப்: மிக்ஸி வேண்டாம், கொட்டாங்குச்சி போதும்

அப்பாவுக்கு பிபி ஏறியதிலிருந்து எங்கள் ராயபுரம் வீட்டில் கருவாடு, ஊறுகாய் எல்லாம் பரணுக்குப் போய்விட்டன. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது. மீன் டிப் என்றால் காய், சப்பாத்தியைத் தொட்டுச் சாப்பிடும் கெட்டிக் கலவை. அதற்காகக் கடையில் வாங்கும் மயோனைஸ், சீஸ் ஸ்ப்ரெட், டின் மீன் மூன்றிலும் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதனால் மூன்றையும் விட்டுவிட்டேன்.

தேவை: முள் குறைந்த மீன் 250 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 400 கிராம், சின்ன வெங்காயம் 4, பூண்டு 1 பல், மிளகு அரை டீஸ்பூன், எலுமிச்சை பாதி, கொத்தமல்லி, நல்லெண்ணெய் சில சொட்டு.

முதல் நாள் இரவே தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் பாதியாகச் சுண்டி, வெண்ணெய் போல இருக்கும்.

மீனுக்குக் காசிமேடு. வஞ்சிரம் நடுத்துண்டு என்றால் நடுமுள்ளோடு வேலை முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அதன் விலையைக் கேட்கவே பயம்; பாறை, கொடுவா போதும். "கொழம்புக்கா வறுவலுக்கா?" என்றார் மீன்கார அக்கா. வேகவைக்க என்றேன். "யாருக்குனா ஒடம்பு சரியில்லியாம்மா?"

இட்லிப் பானையில் மீனை 8 முதல் 10 நிமிடம் ஆவியில் வையுங்கள். விரலால் அழுத்தினால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். தோல், முள் எடுத்து உதிர்த்து, இன்னொரு முறை விரலால் தடவிப் பாருங்கள்.

இனிதான் விஷயமே. உப்பில்லாத மீன் சப்பென்றிருக்கும்; புகை போட்டால் நாக்கு உப்பைத் தேடாது. கொட்டாங்குச்சித் துண்டு ஒன்றை அடுப்பில் காட்டுங்கள். தீ அடங்கிச் செந்தணலானதும் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, மீனுக்கு நடுவே வைத்து, மேலே நல்லெண்ணெய் சொட்டுங்கள். குப்பென்று புகை வரும், உடனே மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும், பத்து என்றால் கசக்கும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீன் நன்றாக ஆறட்டும். முதல் தடவை சூடாகவே கலந்தேன், தயிர் நீர்த்து மோர்க்குழம்பாகிவிட்டது. இரண்டாம் தடவை மிக்ஸியில் ஓட்டினேன், போஸ்டர் ஒட்டும் பசை. இப்போது முள்கரண்டிதான். தயிர், பொடியாக நறுக்கிய வெங்காயம், நசுக்கிய பூண்டு, மிளகு, எலுமிச்சைச் சாறு, மல்லி சேர்த்துக் கிளறினால் ஆயிற்று. ருசி பார்த்து, வேண்டுமென்றால் மட்டும் கால் டீஸ்பூனில் பாதி உப்பு. மொத்தத்துக்கும் சுமார் 300 மில்லிகிராம் சோடியம்தான் கூடும். 'லோ சோடியம்' உப்புப் பாக்கெட்டுகளில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறோ பிபி மாத்திரையோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

"மீனும் தயிருமா? தேமல் வரும்" என்று எதிர்வீட்டு ஆயா பதறினார். தேமல் பூஞ்சையால் வருவது ஆயா, வங்காளத்தில் தயிர் மீன் விருந்துச் சாப்பாடு என்றேன். நம்பவில்லை; ஆனால் கிண்ணம் காலியாகத்தான் திரும்பி வந்தது.

சிப்ஸோடு தொட்டால் பட்ட பாடெல்லாம் வீண். வெள்ளரி, கேரட், உப்பில்லாமல் மொறுமொறுவென்று சுட்ட சப்பாத்தி நல்லது. மறுநாள் மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்கும், கலக்கிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜிலேயே இருந்தாலும் இரண்டு நாளைத் தாண்ட விடாதீர்கள்.